இருபது இலைக் கல்யாணம்

கரைமேட்டுக் குப்பத்தில் காது குத்துக்கே முந்நூறு பேர் சாப்பிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் நண்டுக்கார அமுதவல்லி தன் கல்யாணத்துக்கு இருபதே இலை என்று சொன்னபோது கேட்டவர்கள் யாரும் நம்பவில்லை. நாற்பத்து நான்கு வயதில், கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி இருக்கும்போது, அவள் இரண்டாம் தாலி கட்டிக்கொள்ளப் போகிறாள் என்பதைக்கூட ஊர் எப்படியோ ஜீரணித்துவிட்டது. இருபது இலையைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. மீதி வீடெல்லாம் என்ன பாவம் செய்தது என்று தெருக்குழாயடியில் ஒரு வாரம் இதே பேச்சு.

ஏரியில் பிடிபடும் களி நண்டை விடியற்காலையில் ஏலத்தில் எடுத்து, கொடுக்கைக் கயிற்றால் கட்டி, கூடையில் அடுக்கி, பழவேற்காட்டில் பஸ் ஏறிப் பொன்னேரியில் விற்பதுதான் அமுதவல்லியின் பிழைப்பு. உயிருள்ள நண்டைக் கட்டுவது லேசுப்பட்ட வேலையில்லை. கொஞ்சம் அசந்தால் விரலை நறுக்கிவிடும். அவளோ பக்கத்துக் கூடைக்காரியோடு வம்பு பேசிக்கொண்டே நிமிடத்துக்கு மூன்று கட்டுவாள். புருஷன் முத்துராஜ் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனபோது மகள் இளவரசிக்கு எட்டு வயது. அந்தப் பெண்ணைப் படிக்க வைத்து, நர்ஸ் வேலைக்கு அனுப்பி, போன வருடம் ஆயிரம் பேரைக் கூட்டிக் கல்யாணமும் செய்து வைத்தது இந்த நண்டுக் கூடைதான்.

அந்தக் கல்யாணத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருந்த பந்தலில், பெண்ணைப் பெற்றவள் சமையல் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றாள். போ என்று அவளை யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை. சீர்த்தட்டை முத்துராஜின் அக்கா பொன்னியம்மாள் எடுத்துக்கொண்டு மணமேடை ஏறினாள். அது அப்படித்தான், தாலி இல்லாதவள் தட்டைத் தொடமாட்டாள், அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்று ஊர் நினைத்தது. அமுதவல்லிக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆயிரம் பேருக்குச் சோறு போட்டவள் நான், என்னை ஒருத்தராவது கண்ணெடுத்துப் பார்த்தீர்களா என்று மனசுக்குள் கொதித்தாள்.

ஒருத்தர் பார்த்தார். கூலிக்கு வலை இழுக்கும் துளசிங்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடைக்கு நேர் எதிரே போட்டான்.

"இங்க உக்காரு அமுதா. இங்கேர்ந்து நல்லா தெரியும்" என்றான்.

அவள் உட்காரவில்லை. ஆனால் அந்த நாற்காலியை மறக்கவுமில்லை. ஆறு மாதம் யோசித்துவிட்டு ஒரு நாள் கரைக்குப் போனாள். துளசிங்கம் ஒரு ஃபைபர் படகின் விரிசலுக்குப் பிசின் பூசிக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா, என்னக் கட்டிக்கிறியா?" என்று நேராகவே கேட்டாள்.

அவன் கையில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். டப்பாவில் கலக்கி வைத்த பிசின் இறுகிக் கல்லாகிவிட்டது. "ம்" என்று அவன் சொல்வதற்குள் பிரஷ்ஷும் போயிற்று, டப்பாவும் போயிற்று.

துளசிங்கத்துக்கு நாற்பத்தொன்பது வயது. மூன்று தங்கைகளைக் கரையேற்றுவதற்குள் தலை நரைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவனுக்குப் பெண் கேட்டுப் போக யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குப்பத்தில் கல்யாணம் ஆகாத ஆண் ஆண் கணக்கிலேயே வரமாட்டான். ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த முறையில் வலை போடுவது என்று வருடத்துக்கு ஒருமுறை கங்கையம்மன் கோயிலில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். பாடு என்பது அதற்குப் பெயர். கல்யாணமான ஆண்தான் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. போன மாதம் தாலி கட்டிய இருபத்திரண்டு வயதுக்காரன் கோயில் பாயில் சம்மணம் போட்டு உட்காருவான். துளசிங்கம் கோயில் வாசலில் நின்று அவர்களுக்கு டீ ஊற்றுவான். மறுநாளிலிருந்து அவர்கள் வலையில் கூலிக்கு நிற்பான். இருபத்தைந்து வருடமாக இதுதான் நடக்கிறது. அவன் ஒரு நாளும் வாய்விட்டுக் குறை சொன்னதில்லை. சீட்டு நாளன்று மட்டும் சாப்பிட மாட்டான்.

அமுதவல்லி லிஸ்ட் போட உட்கார்ந்தாள். மகள் இளவரசி பேனா பிடித்தாள். மணமக்கள் இரண்டு, இளவரசியும் அவள் புருஷன் பிரவீனும் இரண்டு, வெளியூரில் வாழ்க்கைப்பட்ட துளசிங்கத்தின் தங்கைகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும் ஆறு, பொன்னேரியில் பக்கத்துக் கூடை போடும் கிறிஸ்டினா ஒன்று என்று எண்ணிக்கை ஏறியது. சேர்ப்பதற்கு அமுதவல்லி ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருந்தாள். தன் பக்கத்தில் நிற்கத் தயங்காதவர்கள் மட்டும்தான் வரவேண்டும். பத்தொன்பதில் வந்து நின்றது.

"பொன்னி அத்தய போடும்மா" என்றாள் இளவரசி.

"அதான் தட்ட பிடுங்கிட்டு போனாங்களே உங்கத்த."

"நீ கூடைய தூக்கிட்டு போவும்போதெல்லாம் எனக்கு சோறு ஊட்டுனது யாரு?"

அமுதவல்லி லிஸ்டை வாங்கி ஒருமுறை படித்தாள். அப்புறம், "எழுதித் தொல" என்றாள். இருபது ஆயிற்று. அதற்கு மேல் ஒரு பேர்கூட ஏற்ற மாட்டேன் என்று பேனாவைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம்தான் சிக்கல் வந்தது. ஊர்த்தலைவர் திருவேங்கடம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல முடியாது. குப்பத்துக் கட்டுப்பாட்டைக் கரைத்துக் குடித்தவர், அவ்வளவுதான். ரேழியில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டே பேசினார்.

"நீ ரெண்டாங் கல்யாணம் பண்றது உன் இஷ்டம் அமுதா. நான் குறுக்க நிக்கல. ஆனா தொளசிங்கத்துக்கு பாடு வேணும்னா தலைக்கட்டு நோட்டுல பேர எழுதணும். பேர எழுதணும்னா ஊரு பாத்த கல்யாணமா இருக்கணும். நம்ம வழக்கம் அது."

"அதுக்கு இன்னா பண்ணணும் மாமா?"

"எல்லாரும் சொல்றாப்ல நீயும் ஊருக்கு சொல்லு. எல்லா வூட்டுக்கும் பாக்கு வெத்தல வை. ஊரு வந்து நிக்கட்டும். நீ சொம்மா இருபது பேர வெச்சிக்கினு மூடி மறைச்சி பண்ணா நாளைக்கு யாரு சாட்சி? இருநூத்திப் பன்னெண்டு தலைக்கட்டும் என்னத்தான் கேக்கும்."

அமுதவல்லி எழுந்து வந்தாள். வழியெல்லாம் தனக்குள் பொருமிக்கொண்டே நடந்தாள். மறைத்துச் செய்யவா நினைத்தாள்? மறைக்க நினைத்திருந்தால் பொன்னேரியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் திரும்பியிருக்கலாமே. சொந்த ஊரில், சொந்த அம்மன் முன்னால், பட்டப்பகலில் கட்டிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டாள். அண்டா பக்கத்தில் தன்னை நிற்கவிட்ட அதே ஆயிரம் பேரை மறுபடியும் கெஞ்சிக் கூப்பிட்டு உட்காரவைக்க மட்டும் அவளால் முடியாது. கூப்பிடாவிட்டால் துளசிங்கம் சாகிறவரைக்கும் வாசலில் நின்று டீ ஊற்ற வேண்டியதுதான்.

துளசிங்கத்திடம் சொன்னாள். அவன் சாதாரணமாகத் தலையை ஆட்டினான்.

"வுடு அமுதா. பாடு இல்லன்னா இன்னா? இத்தினி வருசம் இல்லாமத்தான இருந்தேன். உனக்கு எப்டி புடிக்குதோ அப்டி பண்ணிக்கலாம்."

அவன் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. இந்த மனுஷன் வாழ்நாளெல்லாம் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தாயிற்று, எனக்கும் விட்டுக்கொடுக்க வேண்டுமா என்று அவன் மேலேயே எரிச்சல்பட்டாள். இலை இருபதுதான், பேரும் ஏறத்தான் வேண்டும், இரண்டில் ஒன்றைக்கூட விடப்போவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பொன்னேரி பஸ்ஸில் கிறிஸ்டினாவிடம் கொட்டித் தீர்த்தாள். கிறிஸ்டினா மாதா கோயில் தெருக்காரி. குப்பத்துச் சட்டதிட்டம் ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் சுலபமாகக் கேட்டாள்.

"ஏன்க்கா, உங்கூர் ஆம்பளைங்க எல்லாரும் ஒரே எடத்துல எப்பவுமே உக்கார மாட்டாங்களா? ஏரி, கடலு, சந்தன்னு சுத்திக்கினேவா இருப்பாங்க?"

"வருசத்துல ஒரு நாள் உக்காருவாங்க. சீட்டு அன்னிக்கி" என்று சொன்ன அமுதவல்லி அப்படியே நிறுத்தினாள். பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டும்வரை விரல்விட்டு எதையோ எண்ணினாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

சீட்டு நாளுக்குக் குப்பத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. ஒரு காலத்தில், நடுவில் எழுந்து போனவன் திரும்பி வந்து, நான் இல்லாதபோது சீட்டை மாற்றிவிட்டீர்கள் என்று தகராறு செய்தான். மண்டை உடைந்தது. அன்றிலிருந்து அம்மன் முன்னால் விளக்கேற்றிவிட்டால் கடைசிச் சீட்டு எடுக்கிறவரைக்கும் ஒரு தலைக்கட்டும் பாயை விட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் அந்த வருடம் பாடு கிடையாது. புதுப் பேர் எழுதுவதென்றால் முதல் சீட்டு எடுப்பதற்கு முன்னால் எழுத வேண்டும். இந்த வருடம் ஆவணி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை சீட்டு, காலை ஏழு மணிக்கு விளக்கு. இளவரசி காலண்டரைப் பார்த்தாள். ஏழிலிருந்து எட்டரை வரை முகூர்த்தம்.

"அம்மா, நீ சாதாரண ஆளு இல்ல" என்றாள்.

பூசாரி பூபதியிடம் மட்டும் தேங்காய், பழம், கற்பூரம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கும்பிட வருகிறோம் என்று சொல்லி வைத்தாள். அம்மன் கோயில் எல்லாருக்கும் பொது. குப்பத்து மனுஷி சாமி கும்பிட வருவதை எந்தத் தலைவரும் தடுக்க முடியாது. துளசிங்கத்திடம் முழுத் திட்டத்தையும் சொன்னபோது அவன் முகம் வெளுத்தது.

"எல்லாரும் இருப்பாங்களே அமுதா."

"அதாய்யா வேணும்."

"திட்டுவாங்க."

"ஒக்காந்த எடத்துலேந்து எவ்ளோ நேரம் திட்டுவாங்க? எழுந்திரிக்க முடியாதே."

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குக் கோயில் மண்டபத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பாயில் உட்கார்ந்தாயிற்று. விளக்கு ஏறியது. எவர்சில்வர் குடத்தில் சீட்டுகள் தயார். திருவேங்கடம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலைக்கட்டு நோட்டைப் பிரித்தார். டீ இன்னும் வரவில்லையே, துளசிங்கம் எங்கே என்று ஒருவர் கேட்டார்.

துளசிங்கம் வந்தான். பட்டு வேட்டியில், சந்தனப் பொட்டோடு, கழுத்தில் மாலையோடு வந்தான். அவனுக்கு முன்னால் அமுதவல்லி நடந்து வந்தாள். அரக்குச் சேலை, தலை நிறைய மல்லிகை. தாலித் தட்டை அவளே கையில் ஏந்தியிருந்தாள். பின்னால் பதினெட்டுப் பேர். கடைசியாகப் பொன்னியம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். வரமாட்டேன் என்று முந்தின நாள் வரை சொன்னவள்தான். பாய்களுக்கு நடுவில் விட்டிருந்த ஒற்றையடி வழியில் அமுதவல்லி யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். அவளைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னாது அமுதா இது? சீட்டு நாள்ல" என்று ஆரம்பித்தார் திருவேங்கடம்.

"சாமி கும்புட வந்தோம் மாமா. நீங்க உங்க வேலய பாருங்க."

எவன் வேலையைப் பார்ப்பான்? பூபதி மணியை ஆட்டினார். கற்பூரம் எரிந்தது. இளவரசி தட்டை வாங்கி நீட்டினாள். முதல் முடிச்சு துளசிங்கத்தின் விரலிலிருந்து நழுவிற்று. அம்மாவின் கழுத்துக்குப் பின்னால் மகள் கையைக் கொடுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, அவன் மூன்று முடிச்சும் போட்டான். வலைக்காரன் முடிச்சு, இனி ஜென்மத்துக்கும் அவிழாது. அமுதவல்லிக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. துடைக்காமலேயே திரும்பி நின்றாள்.

"மாமா, இப்ப பேர எழுதுங்க."

திருவேங்கடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஊரக் கூப்புட்டியா?"

"கூப்புடல."

"அப்புறம் எப்டி எழுதறது?"

"ஊரு பாத்த கல்யாணமா இருக்கணும், சாட்சி வேணும்னு சொன்னீங்க. இங்க இருநூத்திப் பன்னெண்டு பேரும் ஒக்காந்துக்கினு பாத்தாங்க. பாக்கலன்னு சொல்றவங்க அம்மன் முன்னால கைய தூக்கட்டும். தூக்கிட்டா நான் போயிடறேன்."

மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொம்பளை ஒருத்தி சீட்டு நாளில் பேசுவதே அந்த ஊருக்குப் புதுசு. ஒருவரும் கை தூக்கவில்லை. மூன்றாவது வரிசையில் மட்டும் வினோத் என்ற புது மாப்பிள்ளை மெதுவாகக் கையை உயர்த்தினான்.

"நான் சரியா பாக்கல மாமா. கையில போனு" என்றான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆதிநாராயணன் அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "போன்ல இன்னாடா பண்ணிக்கினு இருந்த? மொத மணியிலேர்ந்து வீடியோ எடுத்துக்கினு பாக்கலன்ற."

முதலில் ஒருத்தன் சிரித்தான். அப்புறம் வரிசையாகப் பரவி மண்டபமே குலுங்கியது. வினோத் தலையைக் குனிந்துகொண்டான். திருவேங்கடம் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. இந்தப் பொம்பளையிடம் கட்டுப்பாடு பேசி ஜெயிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. நோட்டைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்தார். இருநூற்றுப் பதின்மூன்று, துளசிங்கம் என்று எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தார். குடத்துக்குள் இன்னொரு சீட்டு விழுந்தது.

"எழுதியாச்சி. ஆனா ஒண்ணு" என்றார். "வெளக்கு ஏத்தியாச்சி. தலைக்கட்டுன்னு ஆனப்புறம் மாப்ளயும் எழுந்து போவக்கூடாது. ஒக்காருடா தொளசிங்கம்."

இதை அமுதவல்லி யோசிக்கவேயில்லை. வீட்டில் இருபது இலை நறுக்கி வைத்தாயிற்று, நண்டுக் குழம்பு அடுப்பில் கொதிக்கிறது, மாப்பிள்ளையோ மத்தியானம் வரைக்கும் பாயை விட்டு நகர முடியாது. துளசிங்கம் அவள் முகத்தைப் பார்த்தான். அவள், போய் உட்கார் என்று கண்ணைக் காட்டினாள். ஆதிநாராயணன் நகர்ந்து இடம் விட்டார். மாலையைச் சரிசெய்துகொண்டு, வேட்டியை ஒதுக்கி, அவன் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"அப்ப டீ யாரு ஊத்தறது?" என்று எவனோ கேட்டான்.

"இன்னிக்கி நீயே போயி ஊத்து. எழுந்தா உன் பாடு எங்களுக்கு" என்றார் ஆதிநாராயணன். மறுபடியும் சிரிப்பு.

பதினெட்டுப் பேரும் கோயில் வாசலில் வேப்பமர நிழலில் காத்திருந்தார்கள். பொன்னியம்மாள் பசிக்கிறது என்று முனகினாள். முனகிக்கொண்டே முந்தானையால் அமுதவல்லியின் நெற்றி வியர்வையைத் துடைத்து, குங்குமத்தைச் சரிசெய்தாள். திருவேங்கடம் சீட்டுக்கு நடுவில் தலையை உயர்த்தி மூக்கை உறிஞ்சினார். காற்றுவாக்கில் மூன்று வீடு தள்ளியிருந்து குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது.

"அமுதா, தலைவருக்கு ஒரு எல இல்லயா?"

"உங்கள கூப்புடலயே மாமா" என்றாள் அவள் வாசலில் நின்றபடி. அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த பேரைப் படித்தார்.

பதினோரு மணிக்கு மேல் இருநூற்றுப் பதின்மூன்றாம் பேர் வந்தது. கடைசிப் பேர். துளசிங்கம் உட்கார்ந்தபடியே முன்னால் நகர்ந்து குடத்துக்குள் கையை விட்டான். உள்ளே மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சீட்டுதான். இருந்தாலும் தேடித் தேடி எடுத்தான். அவசரப்பட அவனுக்கு மனசில்லை. பிரித்துப் படித்தான். ஓடைமுனை. ஏரியிலேயே சேறு அதிகம், மீன் கம்மி, யாரும் விரும்பாத இடம். ஐயோ பாவம் என்று பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

துளசிங்கம் சீட்டைத் தலைக்கு மேலே தூக்கி வாசலைப் பார்த்துக் காட்டினான்.

"ஓடமுன அமுதா. நம்முது" என்று கூவினான். அவன் உரத்துப் பேசி அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை.

"சேத்துலதான்யா நண்டு கெடைக்கும். வா, எல காயுது" என்றாள் அமுதவல்லி.